மாப்பிள்ளைத் தோழனும் இடமாற்றச் சட்டமும்

யாழ்ப்பாணத்துக் கலியாணத்தில் மாப்பிள்ளையின் காலைக் கழுவுவதற்குப் பெண்ணின் சகோதரன் வேண்டும். அவனுக்கு மாப்பிள்ளைத் தோழன் என்று பெயர். கால் கழுவியதும் மாப்பிள்ளை அவனுடைய விரலில் ஒரு மோதிரம் போடுவார். இது சட்டம் அல்ல. ஆகவே இதைத் திருத்தவோ நீக்கவோ எவருக்கும் அதிகாரம் இல்லை.

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் தாயோடு வசித்த பிரியந்திக்கு ஒரு சகோதரன் இருந்தான். றமணன் என்று பெயர். தாயிடமும் தங்கையிடமும் வருவதற்காக ஒரு படகில் ஏறியவன். படகு நடுக்கடலில் பழுதானது. பிரித்தானியக் கடற்படை அதிலிருந்தவர்களைக் காப்பாற்றி, ஹார்ட்விக் என்ற தீவில் உள்ள தனது முகாமுக்குக் கொண்டுபோனது. அந்த முகாமில் இருக்கக்கூடியவர்கள் மூன்று வகையினர்: படையினர், பணியாளர், தடுப்புக் கைதிகள். றமணன் படையில் சேர்ந்தவன் அல்ல. வேலைக்கு வந்தவனும் அல்ல. ஆகவே அவன் யார் என்ற கேள்வி சுலபமாகத் தீர்ந்தது.

ஒருநாள் அவனோடு வந்தவர்களை எல்லாம் விமானத்தில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள். அந்த நேரம் றமணன் முகாமின் பல் வைத்தியருக்கு முன்னால் வாயைத் திறந்தபடி இருந்தான். மரத்துப்போன தாடையோடு அவன் ஓடுபாதைக்கு வந்தபோது விமானம் ஆகாயத்தில் இருந்தது. அடுத்த விமானத்துக்கு முன் சட்டம் வந்துவிட்டது.

கடல்கடந்த படைமுகாம்களில் உள்ள எந்தத் தடுப்புக் கைதியையும், எக்காரணம் கொண்டும், எவ்வழியிலேனும், ஐக்கிய இராச்சியத்துக்கு இடமாற்றம் செய்யலாகாது என்பது அந்தச் சட்டம். அது நிறைவேறிய அன்று உலகத்தில் அதற்குப் பொருந்தக்கூடிய ஆள் ஒருவனே இருந்தான். தனியொரு மனிதனுக்காகப் பாராளுமன்றம் இத்தனை நாள் விவாதித்தது பெருமைக்குரிய விடயம் என்று அவனுடைய தாய் நகுலேஸ்வரிக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட்டது.

இப்படி ஐந்து வருடம் ஆனபின்தான் பிரியந்திக்குக் கலியாணம் பேசி வந்தது.

பேச்சு ஹரோவில், மாப்பிள்ளையின் தகப்பன் விஜயரத்தினத்தின் வீட்டில் நடந்தது. விஜயரத்தினம் ஜெர்மனியிலும் பிரான்சிலும் சிலகாலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து பலசரக்குக் கடைகள் வைத்து முன்னேறியவர். மேற்படி சட்டம் தயாராகும்போது அரசாங்கம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. ஹரோவிலிருந்து போன கருத்துகளில் மிக நீளமானது அவருடையது. சட்டத்தில் இறுக்கம் போதாது என்று எழுதியிருந்தார்.

"கடலாலை வாறவையை விட்டால் பிறகு நிப்பாட்ட ஏலாது," என்றார் விஜயரத்தினம்.

நகுலேஸ்வரி தேநீரை ஊதினாள். "நீங்கள் எப்பிடி அண்ணை வந்தனீங்கள்?"

"நான் றோட்டாலை வந்தனான். வெங்காய லொறி."

"இடையிலை கடல் ஒண்டு இருக்கெல்லோ?"

"லொறி ஃபெரிக்குள்ளை. நான் லொறிக்குள்ளை. தண்ணியிலை நான் காலே வைக்கேல்லை."

நகுலேஸ்வரி இதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப்பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டாள்.

"சரி. தோழன் ஆர்?" என்றார் விஜயரத்தினம்.

"ஃபாரஸ்ட் கேட்டிலை என்ரை தமக்கையின்ரை மோன் இருக்கிறான். தங்கமான பெடியன்."

"உடன்பிறந்தவன் உயிரோடை இருக்கேக்கை ஒண்டுவிட்டவனோ? சனம் கேக்கும், பெம்பிளையின்ரை தமையன் எங்கை எண்டு. என்னண்டு சொல்லுறது? தடுப்பிலை எண்டோ?"

"தடுப்பிலைதானே மாமா இருக்கிறார்," என்றாள் பிரியந்தி.

"வந்து காலைக் கழுவட்டும். பிறகு ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

"அவரை வரவிடக்கூடாது எண்டுதானே நீங்கள் எழுதிக் குடுத்தனீங்கள்?"

"ஓம். அதிலை ஒரு மாற்றமும் இல்லை. தோழன் விஷயத்திலையும் மாற்றம் இல்லை. நான் ரண்டு பக்கமும் நேர்மையாய்த்தான் நிக்கிறன், பிள்ளை."

மாப்பிள்ளை யதுசன் கைத்தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கி, "அப்பா, ஹூ கேர்ஸ்?" என்றான். மாப்பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

பிரியந்தியைப் பொறுத்தவரை யதுசனின் காலை யாரும் கழுவலாம். அவனே கழுவினாலும் சரி. அவளுக்கு அண்ணன் வேண்டும். அதற்கு இதுவரை மனித உரிமையைக் காரணம் காட்டியிருந்தாள். தாயின் இதய நோயைக் காட்டியிருந்தாள். இரண்டும் பலிக்கவில்லை. கலியாணம் என்றொரு காரணம் இன்னும் பாவிக்கப்படாமல் கிடந்தது.

*

சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அலுவலகம் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. முன்பு அதற்குக் கடல்கடந்த தடுப்புக் கைதிகள் இடமாற்றப் பிரிவு என்று பெயர். சட்டம் வந்தபின் இடமாற்றம் செய்யாமைப் பிரிவு என்று பலகை மாறியது. இடமாற்றம் செய்த காலத்தில் ஆறு பேர் வேலை செய்தார்கள். செய்யாமல் இருப்பதற்குப் பதினொரு பேர் தேவைப்பட்டார்கள்.

பிரிவின் தலைவர் திரு. பெல்லாமி மரியாதை மிகுந்த ஆங்கிலேயர். அவர் பிரியந்தியை ஐந்து வருடமாக அறிவார். ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று கைகொடுத்துவிட்டுத்தான் மறுப்பார்.

"திருமணத்துக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள்," என்றார். "உங்கள் கோரிக்கை ஆழ்ந்த அனுதாபத்துடன் நிராகரிக்கப்படுகிறது."

"ஒரு நாளைக்கு மட்டும்."

"எக்காரணம் கொண்டும் என்கிறது சட்டம். கால் கழுவுவதும் ஒரு காரணமே."

"நாங்கள் அங்கே போய்க் கலியாணம் செய்யலாமா?"

"முகாமுக்குள் விருந்தினர் என்ற வகை கிடையாது. அப்படி ஒருவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை."

பிரியந்தி ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். காலையும் மாலையும் ரயிலில் அந்தச் சட்டத்தைத்தான் வாசித்துக்கொண்டு போவாள். மற்றவர்கள் அந்த நேரத்தில் மர்மக் கதை வாசித்தார்கள். இன்று அவள் பையிலிருந்து சட்டத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"கைதியை லண்டனுக்கு மாற்றக்கூடாது என்றுதான் இதில் இருக்கிறது. முகாமை மாற்றக்கூடாது என்று எங்கே இருக்கிறது?"

"முகாமையா?"

"முகாமின் தளபதி எந்தக் கட்டடத்தையும் முகாமின் பகுதியாகப் பிரகடனம் செய்யலாம். மூன்றாம் அட்டவணை. ஹரோவில் ஒரு மண்டபத்தை எடுத்திருக்கிறோம். அதை ஒரு நாளைக்கு வெளிநாடாக்கிவிடுங்கள். அண்ணா முகாமிலிருந்து முகாமுக்குத்தானே வருகிறார். ஐக்கிய இராச்சியத்துக்கு வரவில்லையே."

பெல்லாமி மூன்றாம் அட்டவணையை வாசித்தார். திரும்ப வாசித்தார். அவருடைய முகத்தில் ஐந்து வருடத்தில் முதல்தடவையாக மகிழ்ச்சி தெரிந்தது. இடமாற்றம் செய்யாமைப் பிரிவு இதுவரை ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான். இப்போது செய்யாமலே ஒன்றைச் செய்யும் வாய்ப்பு வந்திருக்கிறது. அவர் பக்கத்து அறைக்குப் போய் பத்துப் பேரையும் கூட்டிவந்தார். அவர்களும் வாசித்துவிட்டுக் கைதட்டினார்கள்.

"விருந்தினர்?" என்றாள் பிரியந்தி.

"வாசலில் கையெழுத்து வைத்து, தம் விருப்பத்துடன், மூன்றாவது வகையில் உள்ளே வரலாம். வெறும் சம்பிரதாயம்."

"திரும்பி வெளியே போவது?"

"அது நடைமுறை சார்ந்த விடயம். உரிய வேளையில் உரிய கவனம் செலுத்தப்படும்."

மண்டபத்து முகாமையாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வெளிநாடாக இருக்கும் நேரத்தில் குப்பையை யார் அள்ளுவது?

*

கலியாணத்தன்று விடியற்காலை றமணன் படை விமானத்தில் வந்து இறங்கினான். விமானம் முகாமின் பகுதி. ஏணி முகாமின் பகுதி. ஏணிக்கடியில் நின்ற வானும் அப்படியே. ஹரோவுக்குப் போகும் வழியில் ஒரு சந்தியில் வெளிநாடு சிவப்பு விளக்குக்காக நின்றது.

றமணன் கண்ணாடிக்குள்ளால் ஒரு பொரித்த கோழிக் கடையையும் அதற்கு முன்னால் நனைந்துகொண்டிருந்த புறாவையும் பார்த்தான். "இதுவோ லண்டன்?" என்று பக்கத்தில் இருந்த சார்ஜனைக் கேட்டான்.

"அதை நாங்கள் உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது," என்றார் சார்ஜன்.

மண்டபத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தது. கார் நிறுத்துமிடத்தின் மூலையில் ஒரு காவல் கோபுரம். அதில் தேடும் விளக்கு. வாசலில் சிப்பாய்கள். ஒரு சாதாரண ஊரில் இப்படி ஒரு மண்டபத்தைக் கண்டால் சனம் திரும்பி ஓடியிருக்கும். ஆனால் லண்டன் தமிழ்ச் சனம் கலியாணங்களில் எல்லாம் கண்டது. மாப்பிள்ளை ஹெலிகொப்டரில் இறங்கியதைக் கண்டது. பெண் சிப்பிக்குள்ளிருந்து வெளிப்பட்டதைக் கண்டது. போன மாதம் எட்ஜ்வெயரில் தாலி டிரோனில் வந்தது. ஐயர் எட்டிப் பிடிக்கவேண்டியிருந்தது.

"ஆமி தீம்," என்றாள் தவநாயகி, காரிலிருந்து இறங்கும்போதே. மாப்பிள்ளை பக்கத்து விருந்தாளியான அவளுக்கு ஆறு கிழமையில் மகளுடைய கலியாணம் இருந்தது. "பாருங்கோ, ஒறிஜினல் முள்ளுக்கம்பி. இந்த மனுசன் விஜயரத்தினம் எங்களை விட்டிட்டுப் போட்டுது."

அவள் சார்ஜனிடம் போனாள். "தம்பி, உங்கடை கார்ட் ஒண்டு தாங்கோ. கோபுரத்துக்குப் புறம்பாய் எடுக்கிறனீங்களோ, எல்லாம் ஒரே பக்கேஜோ?"

சார்ஜன் தமக்குத் தெரிந்த ஒரே வழியில், "இங்கே கையெழுத்திடுங்கள்," என்றார்.

நானூறு பேரும் கையெழுத்திட்டார்கள். மணிக்கட்டில் மஞ்சள் பட்டி கட்டினார்கள். சாறிக்குப் பொருந்தவில்லை என்று சிலர் பச்சை கேட்டார்கள். அடுத்து, உயரம் காட்டும் கோடுகள் போட்ட சுவருக்கு முன்னால் இலக்கப் பலகையை நெஞ்சில் பிடித்தபடி படம் எடுக்கவேண்டும். அங்கேதான் நெரிசல் தாங்க முடியவில்லை. குடும்பமாக எடுத்தார்கள். பக்கவாட்டில் நின்று எடுத்தார்கள். இலக்கம் கூட்டினால் எட்டு வருகிறது, சனியனுடைய எண், மாற்றித் தரவேண்டும் என்று ஒருவர் சார்ஜனோடு வாதிட்டார். பெல்லாமி தலையிட்டு ஒன்பது வரும்படி மாற்றிக்கொடுத்தார். தடுப்புக் கைதிகளிடமிருந்து இத்தனை ஒத்துழைப்பை அவருடைய பிரிவு கண்டதே இல்லை.

யதுசன் மேளதாளத்தோடு வந்து வாசலில் நின்றான். றமணன் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக, இரண்டு பக்கமும் இரண்டு சிப்பாய்கள் நிற்க, குனிந்து அவனுடைய காலைக் கழுவினான். படப்பிடிப்பாளர் சிப்பாய்களையும் கொஞ்சம் குனிந்து தண்ணீர் ஊற்றச் சொன்னார். அவர்களும் ஊற்றினார்கள். மாப்பிள்ளை போட்ட மோதிரத்தைச் சார்ஜன் உடனே கழற்றி, கைதியின் உடைமை என்று பதிந்து, ஒரு கடதாசி உறையில் போட்டு ஒட்டினார்.

"தோழன் எங்கை வேலை?" என்று விஜயரத்தினத்தைக் கேட்டார்கள்.

"ஓவர்சீஸ். ஆமி பேஸ் ஒண்டிலை."

"பின்னாலை நிக்கிறவை?"

"பாதுகாப்புக்கு. ஒரு நிமிசமும் தனிய விடமாட்டினம்."

அதற்குப் பிறகு றமணனைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்தார்கள். கலியாணம் செய்யாதவர் என்று தெரிந்ததும் தவநாயகி தன்னுடைய இளைய மகளைக் கூட்டிவந்து அவனுக்கு முன்னால் சும்மா நிறுத்தினாள்.

மணவறையில் இருந்த பிரியந்தி தாலி ஏறும்வரை தலையைத் தூக்கவில்லை. ஏறியதும் தூக்கி, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தாள். முன்னந்தலை வழுக்கையாகியிருந்தது. கடைவாய்ப் பல் ஒன்று இல்லை. அவன் குனிந்து, "என்னடி, இவ்வளவு சனமோ உங்களுக்குத் தெரியும்?" என்றான். அவள் அழத் தொடங்கினாள். அது பெண் அழவேண்டிய நேரம்தான் என்பதால் எல்லாரும் திருப்தியோடு பார்த்தார்கள்.

*

சாப்பாடு முடிந்து, வெற்றிலை முடிந்து, நாலரை மணிபோலச் சனம் வாசலுக்கு வந்தது. சிப்பாய்கள் வழிவிடவில்லை. இதுவும் தீமில் ஒரு பகுதி என்று சனம் சிரித்தது. தவநாயகி இந்தக் கட்டத்தையும் தொலைபேசியில் பதிந்து முகநூலில் போட்டாள்.

பெல்லாமி ஒலிவாங்கியை எடுத்தார்.

"அன்புக்குரிய தடுப்புக் கைதிகளே. இந்த மண்டபம் ஆறு மணிக்கு மீண்டும் ஐக்கிய இராச்சியமாகும் என்று ஏற்பாடு இருந்தது. ஆனால் அது அவ்வாறு ஆகுமானால், உள்ளே இருக்கும் நீங்கள் அனைவரும் ஐக்கிய இராச்சியத்துக்கு இடமாற்றம் செய்யப்பட்டவர்கள் ஆவீர்கள். சட்டம் அதைத் திட்டவட்டமாகத் தடைசெய்கிறது. ஆகவே மண்டபம், மறு அறிவித்தல் வரை, வெளிநாடாகவே இருக்கும். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

 நானூறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நான் பிரிட்டிஷ் சிற்றிசன்!" என்று கத்தினார் விஜயரத்தினம்.

"வாழ்த்துகள்," என்றார் பெல்லாமி. "சட்டம் குடியுரிமையைப் பார்த்துப் பாகுபாடு காட்டுவதில்லை. விதிவிலக்கு இருக்கவே கூடாது என்று பொதுமக்கள் வற்புறுத்தியிருந்தார்கள். ஹரோவிலிருந்து ஒருவர் மிக விரிவாக எழுதியிருந்தார்."

"எனக்கு இரவு ஷிப்ட்."

"என்ரை கார் வெளியிலை நிக்குது. பார்க்கிங் ஆறு மணிவரைதான்."

"கார் ஐக்கிய இராச்சியத்தில் இருக்கிறது. அதற்கு எந்தத் தடையும் இல்லை," என்றார் பெல்லாமி.

"அப்பா, திஸ் இஸ் லிட்டரலி ஜெயில்," என்றான் யதுசன். அவனுடைய தலைப்பாகை கண்ணுக்கு இறங்கியிருந்தது.

ஐயரும் மேளகாரரும் சமையல்காரரும் பணியாளர் என்ற வகையில் உள்ளே வந்தவர்கள். அவர்கள் வரிசையாக வெளியே போனார்கள். ஐயருக்கு மாலையில் வேறொரு கலியாணம் இருந்தது. இதைக் கண்டதும் பெரிய பெரிய கணக்காளர்கள் எல்லாம் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். "நான் பந்தியிலை பரிமாறினனான், சேர்." சார்ஜன் மஞ்சள் பட்டியைக் காட்டித் திருப்பி அனுப்பினார்.

வேறு வழியில்லை என்று தெரிந்ததும் சனம் ஒரு சங்கம் அமைத்தது. வெளிநாட்டில் இருக்கும்போது அது எங்கள் வழக்கம். தலைவர், செயலாளர், பொருளாளர், இரண்டு போசகர்கள். பொருளாளர் தெரிவில் கொஞ்சம் மனக்கசப்பு வந்து, முள்வேலியின் தெற்குப் பக்கத்தில் இன்னொரு சங்கம் அமைந்தது. தலைவர் விஜயரத்தினம் ஒரு கதிரையில் ஏறினார்.

"நாங்கள் வரி கட்டுற சனம். எங்களையும் படகிலை வந்த ஒருத்தரையும் ஒரே கணக்கிலை வைக்கிறதோ? இதைத்தான் நாங்கள் அரசாங்கத்துக்கு விளங்கப்படுத்தவேணும்."

"ஓம், ஓம்," என்றார்கள். காலையில் றமணனுக்கு முன்னால் மகளை நிறுத்திய தவநாயகி, மகளை அப்பால் கூட்டிக்கொண்டு போனாள்.

றமணன் அவர்களைக் கோபிக்கவில்லை. அவனுக்கு முகாம் பழக்கம். எந்தச் சுவரோரம் இரவில் குளிராது, போர்வை எப்போது கேட்டால் தருவார்கள் என்று கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பிரியந்தி கூறைச் சேலையோடு கதிரையடிக்கு வந்தாள். "மாமா, நீங்கள் சொல்லுறது சரி. வித்தியாசம் இருக்கு."

நகுலேஸ்வரி மகளை வெறித்துப் பார்த்தாள்.

"எங்களை ஆரும் பிடிச்சுக்கொண்டு வரேல்லை," என்றாள் பிரியந்தி. "விருப்பத்தோடை வந்தம். சிரிச்சுக்கொண்டு வந்தம். அண்ணாவைத்தான் அவருக்கு விருப்பமில்லாமல் பிடிச்சு உள்ளை போட்டது. அதை அப்பிடியே எழுதுங்கோ. எழுதினால் ரண்டும் ஒண்டில்லை எண்டு விளங்கும்."

"கெட்டிக்காரப் பிள்ளை," என்றார் விஜயரத்தினம்.

"எல்லாரும் கையெழுத்து வைச்சால்தான் பலம், மாமா. முதல் ஆளாய் நான் வைக்கிறன்."

விஜயரத்தினம் தீர்மானத்தை எழுதி முடித்ததும் அவள் வைத்தாள். ஒரு கணம் பேனாவைக் கீழே வைக்காமல் நின்றாள். பிறகு அதைத் தவநாயகியிடம் கொடுத்தாள். தெற்குப் பக்கத்துச் சங்கமும் வேறுபாடுகளை மறந்து கையெழுத்திட்டது. லண்டனில் எங்கள் சனம் இப்படி ஒற்றுமையாக ஒரு காரியம் செய்தது இல்லை.

பெல்லாமி அந்தத் தீர்மானத்தை நின்றபடியே வாசித்தார். பிறகு உட்கார்ந்து வாசித்தார். சட்டத்தைப் புரட்டினார்.

"ஒன்பதாம் பிரிவு," என்றார் மெதுவாக. "ஒருவர் தம் விருப்பத்துக்கு மாறாக முகாமுக்குள் கொண்டுவரப்பட்டார் என்பதற்கு, அதே முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருக்கும் பிரித்தானியப் பிரஜைகள் இருவர் சாட்சி சொல்வாராயின், அவரைத் தடுப்புக் கைதியாகக் கொள்ளலாகாது. பிரித்தானியப் பிரஜை எவரும் அங்கே தடுத்து வைக்கப்பட மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதினோம். இப்போது நானூறு பேர் சாட்சி சொல்கிறார்கள்." அவர் எழுந்து றமணனிடம் போய்க் கைகொடுத்தார். "ஐயா, நீங்கள் கைதி அல்ல. கைதிகளைத்தான் இடமாற்றக்கூடாது. நீங்கள் நடந்தே வெளியில் போகலாம்."

"நாங்கள்?" என்றார் விஜயரத்தினம்.

"நீங்கள் விருப்பத்துடன் வந்ததாக எழுதித் தந்திருக்கிறீர்கள். விருப்பத்துடன் வந்தவர்களைப் பற்றி ஒன்பதாம் பிரிவு ஒன்றும் சொல்லவில்லை."

"அப்ப அதைக் கிழியுங்கோ. விருப்பமில்லாமல்தான் வந்தனாங்கள் எண்டு எழுதித் தாறம்."

"படங்கள் இருக்கின்றன," என்றார் பெல்லாமி வருத்தத்தோடு. "நீங்கள் சிரிக்கிறீர்கள். தொலைபேசியோடு நிற்கும் இந்த அம்மையார் எல்லாவற்றையும் உலகத்துக்கே அனுப்பியிருக்கிறார்."

பின்வரிசையில் ஒரு மனிதர் எழுந்தார். "சத்தியமாய்ச் சொல்லுறன் சேர். நான் விருப்பமில்லாமல்தான் வந்தனான். கலியாணவீட்டுக்கு எவன் சேர் விருப்பத்தோடை போறான்?" அவருடைய மனைவி அவரை இழுத்து இருத்தினாள்.

நகுலேஸ்வரி மகளின் கையைப் பிடித்தாள். "பிள்ளை, நீ தெரிஞ்சுதான் வைச்சனியோ?"

"ரயிலிலை வாசிக்க வேறை என்ன இருந்தது, அம்மா?" என்றாள் பிரியந்தி.

*

வாசல் திறந்தது. றமணன் தலைப்பாகையும் பட்டு வேட்டியும் முகாமில் கொடுத்த சப்பாத்துமாக நடந்து போனான். மோதிரம் இருந்த உறையைச் சார்ஜன் அவனிடம் கொடுத்து ஒரு சலூட்டும் அடித்தார். முகாமின் எல்லையைத் தாண்டி நடைபாதையில் கால் வைத்ததும் அவன் லண்டனில் இருந்தான். வானத்தைப் பார்த்தான். எதிர்ப்பக்கம் போய் பஸ் தரிப்பிடத்தில் இருந்து பார்த்தான். ஒரு பஸ் நின்று, அவனை ஏறச் சொல்லி வற்புறுத்தாமல் போனது. பக்கத்துக் கடையில் தேநீர் வாங்கிக்கொண்டு அவன் திரும்பி வரும் மட்டும் பிரியந்தி வேலியைப் பிடித்தபடி நின்றாள்.

"அண்ணா, குளிருதே?"

"இல்லை. நல்ல ஊர்." அவன் தேநீரை முள்ளுக்கம்பிக்கு மேலால் நீட்டினான். பிறகு அப்படி நீட்டலாமோ என்று யோசித்துத் தானே குடித்தான். "சனம் ஒரு ஒழுங்காய்ப் போகுது. பஸ்ஸுக்குக்கூட வரிசை. பாக்க ஆசையாய் இருக்கு."

"நாளைக்குக் காலமையே எம்.பி.யிட்டைப் போங்கோ. இதிலை நிக்கிறவை எல்லாரையும் வெளியிலை விடச் சொல்லி எழுதிக் குடுங்கோ. நான் என்னென்ன எழுதவேணும் எண்டு சொல்லுறன்."

"எல்லாரையுமோ?"

"எல்லாரையும்தான். ஏன்?"

வேலிக்கு உள்ளே நானூறு பேர் இரண்டு சங்கங்களாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தார்கள். யாரோ சாம்பார் வாளியில் தாளம் போட்டார்கள். றமணன் அவர்களைப் பார்த்தான். திரும்பி, விளக்குகள் எரியத் தொடங்கிய அமைதியான தெருவைப் பார்த்தான்.

"இல்லைப் பிள்ளை, உன்னை மட்டும் எண்டால் பிரச்சினை இல்லை," என்றான். "ஆனா உன்னை விட்டால் இவ்வளவு பேரையும் விடவேணும். ஒரேயடியாய் இத்தினை சனம் உள்ளை வந்தால் இந்த ஊர் தாங்குமே? எதுக்கும் ஒரு முறை இருக்கெல்லோ."

பிரியந்தி அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் லண்டனுக்கு வந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது.